427 மீட்டர் பாக்கி

எனக்கு மலை ஏறுவது பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, ஜொகூர் பாரு காஸ்வேயில் எத்தனை கிலோமீட்டருக்கு வாகனங்கள் நிற்கின்றன என்று சொல்வது என் வேலை. நாள் முழுக்க நாற்காலி, இரண்டு கோப்பை தே தாரிக், கையில் கைப்பேசி. மின்தூக்கி பழுதாகிவிட்டால் மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்கே முனகுகிற ஆள் நான்.

அப்படிப்பட்ட நான், 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் ஏறப்போவதாக முந்நூறு பேருக்கு மேல் வாக்குக் கொடுத்தேன். ஒரு படகு இன்ஜினுக்காக.

மலைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு 2023 மார்ச் மாதத்துக்குப் போக வேண்டும்.

பெரியம்மா வீட்டு வாசலில் ஆறு

என் பெரியம்மா சிகாமட் பக்கத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 71. பெரியப்பா காலமான பிறகும், பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகும் அந்த வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். கோழிகள், முருங்கை மரம், இரண்டு தெரு தள்ளி மாரியம்மன் கோயில். "ஜேபிக்கு வந்து நான் என்னம்மா பண்றது? மாடியில நின்னு ரோட்டைப் பாக்கவா?" என்பார்.

சிகாமட் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்த பிறகு, தப்பி வந்த பெண்டஹாரா ஒருவர் இங்குள்ள ஆற்று நீரைக் குடித்துவிட்டு "செகார் அமாட்", அதாவது "மிகவும் புத்துணர்ச்சியாக இருக்கிறது" என்றாராம். அதுவே ஊர்ப் பெயரானது என்று சொல்வார்கள். அந்த நீர்தான் ஊரை அடிக்கடி மூழ்கடிக்கவும் செய்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் சிகாமட்டும் கோத்தா திங்கியும் பட்ட பாட்டை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்போது வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2011 ஜனவரியில் மறுபடி வெள்ளம். பிறகு 2023 மார்ச்.

அந்த மார்ச் முதல் வாரத்தில் ஜொகூரில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் நிவாரண மையங்களில் தங்கியிருந்தார்கள். சிகாமட்டில் தொடங்கிய வெள்ளம் கீழே இறங்கி, பத்து பகாட் வட்டாரத்தில் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. நான் தினமும் காலையில் நிவாரண மையங்களின் பெயர்களையும் மூடப்பட்ட சாலைகளையும் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு போடுவதா வேண்டாமா என்று யோசித்த காலை அது. "பயப்படாதீர்கள், மீட்புப் படகுகள் வந்துகொண்டிருக்கின்றன" என்று நேயர்களுக்குச் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை அணைத்து, பெரியம்மாவின் எண்ணை அழுத்தினேன். பேச முடியவில்லை. மறுபடியும் அழுத்தினேன். அன்று மாலை வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

முந்தைய நாள் இரவே அவர் கிளம்பியிருக்க வேண்டும். "கோழியெல்லாம் இருக்கும்மா, காலைல பாக்கலாம்" என்று சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் உடனே வெளியேறுங்கள் என்று அறிவித்த நான், என் வீட்டு மனுஷியிடம் அதை அழுத்திச் சொல்லவில்லை. இன்று வரை உறுத்துகிற விஷயம் அது.

இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு படகு அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. அரசாங்கப் படகு இல்லை. தீயணைப்பு மீட்புத் துறையும் பொது தற்காப்புப் படையும் வேறு கம்பங்களில் மும்முரமாக இருந்த நேரத்தில், உள்ளூர்க்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஓட்டிய தட்டையடிப் படகு. லாரி ஓட்டுநரான ஒரு தமிழர், ஓர் இரும்புக் கடைக்காரச் சீனர், பள்ளி ஆசிரியரான ஒரு மலாய்க்காரர். பெரியம்மாவையும் பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நடு வெள்ளத்தில் இன்ஜின் நின்றுவிட்டது.

படகு நீரோட்டத்தில் இழுபட்டு செம்பனை மரங்களுக்கிடையே போய் மாட்டியது. லாரி அண்ணன் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக் கயிற்றைச் சுற்றினார். மழையில், இருட்டில், இரண்டு மணி நேரம். பெரியம்மா மடியில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு கந்தர் சஷ்டி கவசம் சொன்னாராம். பிறகு ஆளுக்கொரு துடுப்பாகத் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

"இன்ஜின்தான் தங்கச்சி"

தண்ணீர் வடிந்த பிறகு, அந்தக் குழுவினருக்கு நன்றி சொல்லப் போனேன். கையில் ஒரு பெட்டி பழம். லாரி அண்ணன் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு என்ன தேவை அண்ணே?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "இன்ஜின்தான் தங்கச்சி."

ஏன் என்று விளக்கினார். வெள்ளத்தில் படகு ஓட்டுவது கடலில் ஓட்டுவது மாதிரி இல்லை. தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முள்கம்பி வேலி இருக்கும், மூழ்கிய மோட்டார் சைக்கிள் இருக்கும், மிதந்து வருகிற செம்பனை மட்டை இருக்கும். விசிறி எதிலாவது மோதினால் அதைப் பிடித்திருக்கும் சின்ன ஊசி உடைந்துவிடும். இன்ஜின் ஓடும், விசிறி சுற்றாது. சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் இருக்கிற இடத்தில் தண்ணீர் உறிஞ்சி இழுக்கும். மேலே பார்த்தால் மின்கம்பி கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். அவர்களிடம் இருந்த இன்ஜின் ஒரு மீனவர் பழசானதும் கொடுத்தது. பெட்ரோல் செலவு அவரவர் சொந்தப் பணம். உயிர்காப்பு ஜாக்கெட் ஐந்து. அதில் இரண்டுக்கு வார் அறுந்திருந்தது.

விலை விசாரித்தோம். ஒரு நல்ல இன்ஜினும் பத்து ஜாக்கெட்டும் சேர்த்து ஏறக்குறைய 12,000 ரிங்கிட்.

வெள்ளத்தின்போது சாதாரண ஜனங்களே படகு எடுத்துப் போவது நமக்குப் புதிதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரள மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். சில நாடுகளில் இதற்கு ஓர் ஏற்பாடே இருக்கிறது. பிரிட்டனில் உயிர்காக்கும் படகுகளுக்கான தேசிய அமைப்பு 1824 மார்ச் 4 அன்று தொடங்கியது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். செலவில் பெரும்பகுதி பொதுமக்கள் தரும் நன்கொடை. இருநூறு ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. அதைத் தொடங்கியவர் சர் வில்லியம் ஹில்லரி. அவருக்கு நீச்சல் தெரியாது என்று சொல்வார்கள். ஆனாலும் அறுபது வயதை நெருங்கும்போதுகூடப் படகில் ஏறி மீட்புக்குப் போனவர்.

ஹில்லரி என்ற பெயரைப் படித்ததும் எனக்கு இன்னொரு ஹில்லரி நினைவுக்கு வந்தார். 1953-இல் டென்சிங்குடன் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி. ஒருவர் கடலுக்கு, ஒருவர் மலைக்கு. வெளிநாடுகளில் நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட மலை ஏறுகிறார்களே, நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

அதோடு, மலை என்றாலே மலேசியத் தமிழர்களுக்கு மறக்க முடியாத ஒரு தேதி உண்டு. 1997 மே 23. எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் ஆனார்கள். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் ஆசிரியர் நாளிதழில் வந்த படத்தை வெட்டிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். வருடம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது.

மீட்டருக்கு ஒரு சென்

நிகழ்ச்சியில் விஷயத்தைச் சொன்னேன். பெரிய தொகை கேட்கவில்லை. கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். நான் ஏறுகிற ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென். உச்சியைத் தொட்டால் 40 ரிங்கிட் 95 சென். பணம் எனக்கும் வரக்கூடாது, வானொலிக்கும் வரக்கூடாது. நேரே அந்தக் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். என் பயணச் செலவு முழுக்க என் சம்பளத்திலிருந்து. விமானச் சீட்டு, அனுமதி, வழிகாட்டி, தங்குமிடம் என்று அந்தச் செலவே கணிசம். "அந்தக் காசையே கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாமே" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் என் ஒருத்தி பணத்தில் இன்ஜின் வாங்க முடியாது. வெள்ளம் வடிந்த பிறகு வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை. தடித்த ஓர் அறிவிப்பாளர் மலை ஏறி மூச்சு வாங்கப் போகிறாள் என்றால் கேட்கிறார்கள்.

312 பேர் பெயர் கொடுத்தார்கள். பெரியம்மா அதில் ஒருவர். கணக்குப் போட்டால் 12,776 ரிங்கிட் 40 சென். இன்ஜினுக்கும் ஜாக்கெட்டுக்கும் போதும், கொஞ்சம் பெட்ரோலுக்கும் மிஞ்சும்.

குளுவாங்கிலிருந்து ஒரு நேயர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "உச்சி தொடலைன்னா?" நான் சிரித்தேன். "எத்தனை மீட்டரோ அத்தனை சென் கொடுங்க அண்ணே" என்றேன். அப்போது அது நகைச்சுவை.

லேடாங் கற்றுக்கொடுத்தது

பயிற்சிக்கு நம் ஜொகூரிலேயே மலை இருக்கிறது. தங்காக் மாவட்டத்தில் உள்ள குனோங் லேடாங், 1,276 மீட்டர், ஜொகூரின் மிக உயர்ந்த மலை. தங்காக்கிலிருந்து சிகாமட் போகும் சாலையில் சாகில். அங்கிருந்து ஏறுவார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காரிலிருந்து பார்த்த மலைதான். ஏறலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

லேடாங் இளவரசியின் கதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதுதான். மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். மலாக்காவிலிருந்து மலை வரை தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம் என்று நிபந்தனைகளை அடுக்குகிறாள் இளவரசி. கடைசியில் கேட்பது சுல்தானின் மகன் ரத்தம் ஒரு கிண்ணம். சுல்தான் பின்வாங்கிவிடுகிறார். பள்ளியில் படித்தபோது அவர் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். இப்போது ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு படித்தால், அந்தக் கதையில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று தோன்றுகிறது.

முதல் தடவை லேடாங்கில் பாதியிலேயே கால் நடுங்கியது. வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய பாதை. மேலே போகப் போகக் கயிறுகளும் ஏணிகளும். வழியில் எங்கள் வழிகாட்டி ஒரு செடியைக் காட்டினார். மலாயில் "பெரியுக் கெரா", குரங்குப் பானை. நாம் குடுவைத் தாவரம் என்போம். 1854-இல் இந்த மலையில் ஏறிய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், தாகம் தாங்காமல் இந்தக் குடுவைகளில் இருந்த பூச்சி மிதக்கும் தண்ணீரைத்தான் குடித்தார். சுவை பரவாயில்லை என்று எழுதியும் வைத்தார். அதைக் கேட்டதும் என் பையில் இருந்த மைலோ பொட்டலத்தின் அருமை தெரிந்தது.

இரண்டாம் தடவை உச்சியைத் தொட்டேன். மேகம் விலகியபோது கீழே செம்பனைத் தோட்டங்கள் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிந்தன. அந்தப் பச்சைக்குள் எங்கோ பெரியம்மாவின் வீடு இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒன்று புரிகிறது. எல்லாம் ஒரே சமதளம். இத்தனை மலைச்சரிவில் பெய்யும் மழை வேறு எங்கே போகும்? அங்கேதான் போகும்.

3,668

ஆகஸ்டில் செனாயிலிருந்து கோத்தா கினபாலுவுக்குப் பறந்தேன். கூட என் அலுவலகத் தோழி ஒருத்தி.

கினபாலு மலேசியாவின் மிக உயர்ந்த மலை. 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கினபாலு பூங்காவும் சரவாக்கின் முலு பூங்காவும் சேர்ந்தன. கடசான்டூசுன் மக்களுக்கு இது இறந்தவர்களின் ஆன்மா தங்கும் இடம். வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. எங்களுக்கு வந்தவர் ஐம்பதை நெருங்கும் உள்ளூர்க்காரர். பேச்சு குறைவு. நான் பேசியே பிழைப்பவள் என்பதால் முதல் ஒரு மணி நேரம் அந்தக் குறையை நிரப்பினேன்.

ஏறத் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. அதுவே லேடாங் உச்சியைவிட உயரம். அங்கிருந்து தங்குமிடமான பனாலாபான் வரை ஆறு கிலோமீட்டர், 3,272 மீட்டர் உயரத்துக்குப் படிபடியாக ஏற வேண்டும். காய்கறி மூட்டை, எரிவாயு சிலிண்டர் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து சுமைதூக்கிகள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஓர் அம்மாவுக்கு என் பெரியம்மா வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நின்று வழிவிட்டேன். அது மரியாதை என்று தோழியிடம் சொன்னேன். மூச்சு வாங்குவதற்கு என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்றாயிரம் மீட்டரைத் தாண்டியதும் ஒரு விசித்திரம் நடந்தது. என்னால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். "நேயர்களே, நாங்கள் இப்போது" என்று கைப்பேசியில் பதிவுசெய்யத் தொடங்குவேன். "இப்போது" என்ற இடத்திலேயே மூச்சு தீர்ந்துவிடும். பன்னிரண்டு வருடமாகக் குரலை வைத்துச் சோறு சாப்பிடுகிறேன். முதன்முறையாக அது என்னைக் கைவிட்டது.

இரவு இரண்டரை மணிக்கு உச்சியை நோக்கிக் கிளம்பினோம். நெற்றியில் விளக்கு, கையில் உறை. அரை மணி நேரத்தில் மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு சரியான மழை. மரப்படிகள் முடிந்து கருங்கல் பாறை தொடங்கும் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பாறை முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கை அடித்தால் பாறையே நகர்வது மாதிரி இருந்தது. விரல்கள் மரத்துப்போயின.

சாயாட் சாயாட் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தோம். 3,668 மீட்டர். அங்கே மேலே போகும் வழியை நிறுத்திவிட்டார்கள். மழை விட்டால் பார்க்கலாம் என்றார்கள். குடிசைக்கு வெளியே இருபது முப்பது பேர் நடுங்கிக்கொண்டு நின்றோம். மழை விடவில்லை. எங்கள் வழிகாட்டி வானத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இறங்குவோம்" என்றார்.

நான் கெஞ்சினேன். உண்மையிலேயே கெஞ்சினேன். படகைப் பற்றிச் சொன்னேன், 312 பேரைப் பற்றிச் சொன்னேன், இன்னும் 427 மீட்டர்தான் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு மலாய்ப் பழமொழியைச் சொன்னார். "தா லாரி குனோங் டிகெஜார்." துரத்தினால் மலை ஓடிவிடாது.

இறங்கும்போது, நானே கேட்டதால், 2015 ஜூன் 5 பற்றி இரண்டொரு வாக்கியம் பேசினார். அன்று காலை ஏழேகால் மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும், ஏறுபவர்களைக் காப்பாற்ற நின்ற வழிகாட்டிகளும் அதில் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மேலே சிக்கியிருந்தபோது அவர்களைக் கீழே கூட்டிவந்தவர்களில் பெரும்பங்கு இந்த உள்ளூர் வழிகாட்டிகள்தான். "மேலே கூட்டிப்போவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கீழே கூட்டிவருவதற்குத்தான் சம்பளம்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. மூச்சும் இல்லை, நியாயமும் இல்லை.

பாக்கிக் கணக்கு

திங்கட்கிழமை காலை ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. கினபாலுவில் நடுங்கியதைவிட அதிகமாக. உச்சி தொட்டேன் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். காரில் வரும் வழியில் ஒரு நிமிடம் வந்தது. 427 மீட்டருக்கு ஒருவருக்கு நாலு ரிங்கிட் 27 சென். 312 பேருக்கு 1,332 ரிங்கிட் 24 சென். அதைக் கழித்தால் 11,444 ரிங்கிட் 16 சென். இன்ஜினையும் ஜாக்கெட்டையும் சேர்த்து வாங்க ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் குறையும்.

சாவடியில் நான் பதிவுசெய்த நாற்பது வினாடியை அப்படியே ஒலிபரப்பினேன். அதில் பேச்சு எதுவும் இல்லை. மழைச் சத்தமும் என் மூச்சும்தான். பிறகு சொன்னேன்: "3,668 மீட்டரில் திரும்பிவிட்டேன். நீங்கள் கொடுக்க வேண்டியது 36 ரிங்கிட் 68 சென்."

முதலில் வந்த அழைப்பு, நான் எதிர்பார்த்தது போலவே, குளுவாங் அண்ணனுடையது. "நான்தான் அன்னைக்கே கேட்டேனே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு சொன்னார்: "நான் முழுசாத்தான் போட்டிருக்கேன். என் தங்கச்சி வீடு யோங் பெங்ல ரெண்டு வாரம் தண்ணியில நின்னுச்சு."

அந்த வாரம் முழுக்க லாரி அண்ணன் வங்கிக் கணக்கைப் பார்த்து எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். சிலர் 36.68 போட்டார்கள், கணக்குச் சுத்தமானவர்கள், அவர்களை நான் மதிக்கிறேன். பெரும்பாலோர் 40.95 போட்டார்கள். சிலர் ஐம்பது. ஐந்தாறு பேர் மறந்துவிட்டார்கள். கடைசியில் 12,000 தாண்டியது.

லாரி அண்ணனிடம் மலையில் பாதியில் திரும்பியதைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது புரியவே இல்லை. "எதுக்கு மன்னிப்பு? அன்னைக்கு உங்க பெரியம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டு, மறுபடியும் ஒரு வீட்டுக்குப் போகணும்னு ரேடியோவுல கூப்பிட்டாங்க. இன்ஜின் இல்லாம போக முடியாதுன்னு சொல்லிட்டேன். பொது தற்காப்புப் படை போட் விடியக்காலையில போய் அவங்களைத் தூக்குச்சு. நல்லவேளை. அந்த ராத்திரி பூரா நான் தூங்கல. ஆனா இப்ப கேட்டாலும் அதையேதான் சொல்வேன்" என்றார்.

அதற்குத்தான் இன்ஜின் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழைக்காலம் நெருங்குகிறது என்பதால், அவர் உங்களிடம் சொல்லச் சொன்ன மூன்று விஷயங்களையும் இங்கே எழுதிவிடுகிறேன். வெளியேறச் சொன்னால் பகல் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள். இரவில் வரும் படகுக்கு எதுவும் தெரியாது. அடையாள அட்டை, மருந்து, பத்திரங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலருகே வைத்திருங்கள். கிளம்பும்முன் மின்சார மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் சிக்கினால் 999. முக்கியமாக, தனியாக இருக்கும் வயதானவர்களை முதல் நாளே போய்க் கூட்டிவாருங்கள். இந்த நான்காவது என்னுடையது.

புது இன்ஜின் வந்த ஞாயிற்றுக்கிழமை சிகாமட் போனேன். ஆற்றங்கரையில் படகை இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பத்து ஜாக்கெட்டும் ஆரஞ்சு நிறத்தில் வேலியில் காய்ந்துகொண்டிருந்தன. பெரியம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் எவ்ளோ பாக்கி?" என்று கேட்டார். அவர் சொன்னபடி 36.68 கொடுத்திருந்தார், தோட்டத்தில் வேலை பார்த்த நாளிலிருந்தே கணக்கில் கறார்.

"ஏறாத மீட்டருக்குப் பாக்கி கிடையாது பெரியம்மா" என்றேன்.

"நீ ஏறாதது உன் கணக்கு. எவ்ளோ?"

"நாலு ரிங்கிட் இருபத்தேழு சென்."

முந்தானை முடிச்சிலிருந்து நாலு ஒரு ரிங்கிட் நோட்டும், ஒரு இருபது சென், ஒரு பத்து சென் காசும் எடுத்து லாரி அண்ணன் கையில் வைத்தார். ஒரு சென் காசு நம் நாட்டில் புழக்கத்திலிருந்து போய்ப் பல வருடம் ஆகிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "மூணு சென் அதிகமா இருக்கே அம்மா" என்றார்.

"கோழிக்கு" என்றார் பெரியம்மா.